சைவக் கோழிகள்

தோள்பட்டையிலயா? இந்தப் பக்கமா? ஆமா, இறகுதான். எடுத்து ஜன்னல் வழியா விட்டுருங்க தம்பி. கோழி வியாபாரின்னு நெனச்சிராதீங்க. நான் மில்லுல முப்பத்தோரு வருஷம் டைம் ஆபீஸ்ல இருந்து ரிட்டையர்டு ஆனவன். சங்கரபாண்டியன்னு கோவில்பட்டியில நம்ம பக்கத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. உங்களுக்கு எங்க எறக்கம்? விளாத்திகுளமா? சரி, நல்லா சாஞ்சு உக்காருங்க. நான் கடைசி வரைக்கும் போகணும்.

வேம்பாருல இருந்துதான் வாறேன். என் வீட்டுக்காரி அங்ஙனதான் இருக்கா, அவ தங்கச்சி வீட்டுல. பேரு செண்பகவடிவு. நான் வடிவுன்னு கூப்பிடுவேன். நாலு மாசமா அங்ஙனதான் இருக்கா. சண்டையான்னு கேட்டா, சண்டை இல்ல. எங்களுக்குள்ள சத்தமே வந்தது கெடையாது. நான் சொல்லுவேன், அவ கேட்டுக்கிடுவா. முப்பத்திமூணு வருஷம் அப்படித்தான் போச்சு. எல்லாம் கோழியால வந்தது. சிரிக்காதீங்க. கோழியாலதான்.

எங்க வீட்டுப் பின்னால மூணு சென்ட் சும்மா கெடக்கு. அதுல அவ நாட்டுக்கோழி வளத்தா. பதினோரு பெட்டை, ஒரு சேவல். ஒவ்வொண்ணுக்கும் பேரு உண்டு. கறுப்பி, செம்பி, சாம்பலு, மூக்குத்தி. கோழிக்கு எதுக்கு மூக்குத்தின்னு பேரு? கேட்டா, மூக்கு மேல ஒரு வெள்ளைப் புள்ளி இருக்காம். கடக்கரையில பொறந்தவள்லா, அவ தீவனம் போடுத விதமே தனி. கம்பும் சோளமும் ஒருபக்கம் இருக்கட்டும். மீன்காரி கிட்ட கேட்டு மீன் தலையும் குடலும் வாங்கி அவிச்சுப் போடுவா. கருவாட்ட இடிச்சுத் தூளாக்கித் தவிட்டுல பெசைவா. ஒரு பழைய பானைக்குள்ள சாணியும் கிழிஞ்ச சாக்கும் திணிச்சு, தண்ணி தெளிச்சு, தோட்டத்துல கவுத்தி வைப்பா. மறுநா காலையில நிமித்துனா உள்ள பூராக் கரையான். தட்டிவிட்டா கோழிக பறந்து வந்து விழும். அந்தக் கூத்தப் பாத்துச் சிரிப்பா. அவ சிரிக்கது அதுக்கு மட்டும்தான்.

ரிட்டையர்டு ஆன பெறகு நான் ஒரு சத்சங்கத்துல சேந்தேன். வாரத்துல ரெண்டு நா, மத்தியானம் பேச்சு இருக்கும். ஒரு உசுரு இன்னொரு உசுரத் தின்னு வாழுதது எவ்வளவு கேவலம்னு அங்ஙன ஒருத்தர் சொன்னாரு பாருங்க, அன்னைக்கே விட்டுட்டேன். கறி, மீன், முட்டை எல்லாத்தையும் ஒரே நாள்ல விட்டேன். தை மாசம். அறுபது வருஷம் தின்ன நாக்கு. அவ்வளவு வைராக்கியம் எனக்கு.

அவளை நான் கட்டாயப்படுத்தல தம்பி. அத முதல்ல சொல்லிருதேன். யாரையும் கட்டாயப்படுத்தல. வீட்டுக்குள்ள சமைக்கக்கூடாதுன்னேன். காம்பவுண்டுக்குள்ள வரக்கூடாதுன்னேன். அவ்வளவுதான். வெளிய போய்த் தின்னா யாரு கேக்கப் போறா? அவ எங்க வெளிய போறா, அது வேற விஷயம். கருவாட்டுப் பானைய நானே கொண்டுபோய்த் தெருமுனையில வச்சிட்டு வந்தேன். மறுநாள்ல இருந்து ரசமும் தொவையலும்தான் வச்சா. பாருங்க, எவ்வளவு சுளுவா முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்.

அப்பதான் கோழி ஞாபகம் வந்துச்சு. நாம சுத்தமா இருந்துக்கிட்டு, நம்ம வீட்டுக் கோழிக்கு மீன் தலையப் போடலாமா? போட்டா அந்தப் பாவம் யாருக்கு? நிறுத்துன்னேன். கரையான் பானைய ஒடைச்சேன். அதுவும் உசுருதான? வெளிய திரிஞ்சா பூச்சி புழுவக் கொத்துது, ஒருநா மூக்குத்தி ஒரு பல்லிய வாயில கவ்விக்கிட்டு ஓடுதா, மத்ததுக பூரா அது பின்னால ஓடுதுக. இது சரிப்படாதுன்னு ஆள வச்சு, ஆறடிக்கு நாலடி, கம்பி வலை அடிச்சுக் கூண்டு போட்டேன். கீழ சிமெண்டு. சுத்தமோ சுத்தம். காலையில ஏழு மணிக்குச் சோறு, சாயந்திரம் நாலரைக்குத் தவிடும் முருங்கைக்கீரையும். ஒரு நிமிஷம் முன்னப் பின்ன ஆகாது. நல்ல பொன்னி அரிசிச் சோறு தம்பி. நான் திங்க அதே சோறு.

வடிவு ஒரே ஒருநா சொன்னா. "அதுகளுக்கு ஒடம்புக்கு வேணும்ங்க. சோறு மட்டும் பத்தாது"ன்னா.

"எல்லாம் பழக்கந்தான். நான் விடலையா?"ன்னேன்.

"நீங்க நெனச்சு விட்டிய. அதுக நெனக்கலையே"ன்னா.

அவ்வளவுதான் பேசுனா.

ரெண்டு மாசம் ஒண்ணும் இல்ல. முட்டை கொறஞ்சுது, கொறஞ்சா நமக்கென்ன? பங்குனியில பாக்கேன், கறுப்பிக்கு வாலுக்கு மேல ஒரு கை அகலத்துக்கு இறகே இல்ல. தோலு சிவப்பாத் தெரியுது. பேன் விழுந்திருக்குன்னு வேப்பெண்ணெய் தடவுனேன். மறுவாரம் சாம்பலுக்கும் அப்படி. அதுக்கடுத்து மூக்குத்தி. வெயிலுக்கு உதிருதுன்னு நெனச்சேன். உதுந்தா கூண்டுக்குள்ள இறகு கெடக்கணும்லா? கெடக்கல. சுத்தமாக் கூட்டி வச்ச மாதிரி இருக்கு.

ஒருநா நாற்காலி போட்டு எதிர்ல உக்காந்துட்டேன். மில்லுல எவன் யாரு கார்டை அடிக்கான்னு பாத்துப் பாத்துப் பழகுன கண்ணு. பாத்தேன் தம்பி. செம்பி இருக்கால்லா, அவ மெதுவா கறுப்பிக்குப் பின்னால போறா. எதையோ பாக்குத மாதிரி தலையச் சாய்க்கா. வெடுக்குன்னு ஒரு இறகப் புடுங்குனா. புடுங்கிட்டுக் கீழ போடல. முழுங்குனா. முழு இறகு. தொண்டையில எறங்குதது தெரியுது. கறுப்பி ஒரு சத்தம் போட்டுட்டு ஓடுனா, ஓட எடமில்ல, மூலையில போய் மொகத்தத் திருப்பிக்கிட்டு நின்னா. அதுக்குள்ள இன்னொண்ணு வந்து அவ முதுகுல கொத்துது.

சுத்தமான அரிசிச் சோறு தட்டுல கெடக்கு. அதத் திங்காம இறகத் திங்குதுக. இத என்னன்னு சொல்ல? கெட்ட புத்தின்னு சொல்லாம வேற என்னன்னு சொல்ல?

அடுத்த வாரம் கறுப்பி செத்துப்போனா. எப்படிச் செத்தான்னு நான் சொல்ல வேண்டாம், நீங்க சாப்பிட்டுட்டு வந்திருப்பிய. முட்டை போடுத எடத்துல ரத்தம் பாத்திருக்குக, விடல. எல்லாம் சேந்து குடலையே இழுத்துப் போட்டிருச்சுக. வடிவுதான் பாத்தா. துணியில சுத்திக் குழி தோண்டிப் பொதைச்சா. கைய ரொம்ப நேரம் கழுவுனா.

என் காம்பவுண்டுக்குள்ள தம்பி. மீன் முள்ளு கூட வரக்கூடாதுன்னு நான் சொன்ன காம்பவுண்டு. அந்தச் செம்பி எனக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு. அவளப் புடிச்சுத் தனியா ஒரு பஞ்சாரக் கூடையில போட்டு மூடுனேன். பத்து நா மூடி வச்சேன். அதுக்குள்ள மத்ததுக அடங்கியிருக்கணும்லா? அடங்கல. இப்ப சாம்பலு கொத்துதா. நான் என்ன நெனச்சேன், செம்பி கத்துக் குடுத்துட்டா. ஒரு கெட்டவ போதும், மொத்த செட்டையும் கெடுத்துருவா. மில்லுல யூனியன்ல பாத்திருக்கேன்.

செம்பியத் தூக்கிக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அங்ஙன ஒரு சின்னப் புள்ள டாக்டரா இருக்கு. கோழியப் புரட்டிப் பாத்துச்சு. நெஞ்செலும்பத் தடவிப் பாத்துச்சு.

"என்ன தீவனம் போடுறீங்க சார்?"ன்னு கேட்டுச்சு.

"சோறு, தவிடு, கீரை. எல்லாம் சுத்தமானது."

"வேற?"

"வேற எதுக்கும்மா?"

அது கோழியக் கீழ விட்டுட்டு என்னப் பாத்துச்சு. "சார், இறகு முழுக்கப் புரதம். ஒடம்புக்குக் கெடைக்காத சத்த பக்கத்துக் கோழி முதுகுல தேடுது. இது கெட்ட பழக்கம் இல்ல சார், பசி. வயிறு நெறஞ்ச பசி. கருவாட்டுத் தூள் கொஞ்சம் கலங்க"ன்னுச்சு. நான் என் கொள்கையச் சொன்னேன். அது சிரிக்கல, பாருங்க, மரியாதை தெரிஞ்ச புள்ளதான். "அப்ப கடலைப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கு கலந்து போடுங்க. அதுவும் சைவந்தானே? கூண்டத் தெறந்து விடுங்க, மண்ணக் கிண்டட்டும். காயம் பட்டதத் தனியா வைங்க. கொத்துறதப் பூட்டி வச்சுப் பிரயோஜனம் இல்ல"ன்னுச்சு.

சரிம்மான்னு வந்துட்டேன். செம்பியத் திரும்பவும் பஞ்சாரத்துலயே மூடுனேன். வாங்கியிருக்கலாம். செக்கு எங்க தெருவுலயே இருக்கு. ஆனா நான் புண்ணாக்கத் தூக்கிட்டு வந்து போட்டா வடிவு என்ன நெனப்பா? "நான் அன்னைக்கே சொன்னேன்லா"ம்பா. சொல்ல மாட்டா. அவ வாயத் தெறக்கவே மாட்டா. ஆனா நெனப்பா. மூஞ்சியில தெரியும். அந்த மூஞ்சிய நான் பாக்கணுமா?

அதுக்கு நடுவுல மக வேற போனு. திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்கு. "அப்பா, அம்மா டெஸ்ட் எடுத்திருக்கா, ரத்தம் எட்டுக்குக் கீழ இருக்காம். தலைமுடியெல்லாம் கொட்டுதாம். முட்டையாவது திங்கச் சொல்லுங்கப்பா"ன்னா. அந்தத் தலைமுடிய நானும்தான் பாத்தேன், பாத்ரூம்ல சுருட்டிச் சுருட்டிக் கெடக்கும். எங்க தண்ணி உப்புத் தண்ணி, அதனால கொட்டுது. ரத்தத்துக்கு பீட்ரூட் வாங்கிக் குடுத்தேன். ஒரு கிலோ. நான் ஒண்ணும் பாக்காதவன் இல்ல தம்பி.

பெறகு அந்த நாளு. சத்சங்கத்துல அன்னைக்குப் பேச வேண்டியவரு வரல, அரைமணி நேரத்துல கலைஞ்சிட்டோம். வீட்டுக்கு வாறேன், வாசல்லயே வாசனை. நெத்திலிக் கருவாடு. சுட்ட வாசனை. உங்களுக்குத் தெரியும்லா, அது மறைக்க முடியாத வாசனை. அடுப்படியில ஆளில்ல. பின்னால போய்ப் பாக்கேன்.

கூண்டுக்குள்ள இருக்கா. நாலடி கூண்டு. குனிஞ்சு, முட்டியக் கட்டிக்கிட்டு, கோழிகளுக்கு நடுவுல உக்காந்திருக்கா. மடியில ஒரு டிபன் மூடி. அதுல ஒண்ணு எடுத்துப் பிச்சுக் கோழிகளுக்குப் போடுதா. அடுத்தது எடுத்துத் தன் வாயில போடுதா. கண்ண மூடிக்கிட்டு மெல்லுதா தம்பி. சாமி கும்பிடுத மாதிரி. செம்பியையும் பஞ்சாரத்துல இருந்து எடுத்து மடி பக்கத்துல வச்சிருக்கா. அந்த மொட்டை முதுகுக் கோழிக அத்தனையும் அவளச் சுத்தி அமைதியா நிக்குதுக. ஒண்ணு இன்னொண்ணத் தொடல. அத நான் பாத்தேன். பாக்கலன்னு சொல்ல மாட்டேன்.

எனக்குக் கோவம் எதுக்கு வந்துச்சுன்னா, கருவாடு கூட இல்ல. கள்ளத்தனம். எனக்குத் தெரியாமச் செய்யுதா. நான் போனதும் செய்யுதா. வாரத்துல ரெண்டு நா, நான் வெளிய போன நேரத்தக் கணக்கு வச்சுச் செய்யுதா. மூடியப் புடுங்கிச் செவுத்துக்கு அந்தப் பக்கம் எறிஞ்சேன். "எந்திரி. வாயக் கழுவு. தலையோட குளி. குளிச்சிட்டு வீட்டுக்குள்ள வா"ன்னேன். பக்கத்து வீட்டு மாடியில ரெண்டு பேரு நின்னாங்க, நின்னா நிக்கட்டும். அவ கூண்ட விட்டு வெளிய வரும்போது வலை தட்டிக் கொண்டை அவுந்துருச்சு. கொண்டைன்னு என்ன, ஒரு சுண்டுவிரல் தடிமன்தான் இருந்துச்சு. கல்யாணத்தப்ப எவ்வளவு இருந்துச்சு தெரியுமா?

குளிச்சா. பச்சத் தண்ணியில நின்னு குளிச்சா. நான் கூண்டுக்குப் பூட்டு போட்டுச் சாவிய அரைஞாண் கயித்துல கட்டிக்கிட்டேன்.

அடிக்கல தம்பி. ஒரு அடி அடிச்சிருப்பேனா? கேளுங்க யாரையும்.

அதுக்கப்புறம் ரெண்டு வாரம் அவ பாட்டுக்கு இருந்தா. சமைச்சா, தொவைச்சா. சாம்பலு செத்துச்சு, அதையும் பொதைச்சா. சத்சங்கத்துல மூணு நா திருச்செந்தூர், சுசீந்திரம்னு ஒரு யாத்திரை கூட்டிட்டுப் போனாங்க. போயிட்டு வந்தேன். வீடு பூட்டியிருக்கு. சாவி எதிர்வீட்டுல. உள்ள போனா, பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்தி வச்சிருக்கு. தரை தொடைச்சிருக்கு. பின்னால போறேன். கூண்டுல பூட்டு போட்டது போட்டபடி இருக்கு. அவ பூட்டத் தொடல. என் கட்டிங் பிளேயர எடுத்து, வலைய அடியில இருந்து மேல வரைக்கும் ஒவ்வொரு கம்பியா நறுக்கியிருக்கா. ஒரு ஆளு தாராளமா உள்ள போய் வரலாம், அவ்வளவு பெருசா. அத நறுக்க ரெண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும். கையெல்லாம் கிழிஞ்சிருக்கும். ஒன்பது பெட்டையும் இல்ல, சேவலும் இல்ல. ஷேர் ஆட்டோவுல மூணு கூடையோட போனான்னு எதிர்வீட்டுப் பொம்பள சொல்லுது. சொல்லும்போது எனக்குத் தண்ணி வேணுமான்னு கூடக் கேக்கல.

நான் போனே பண்ணல. போனவளுக்குத் திரும்பி வர வழி தெரியும்லா? நாலு மாசம். சோறு வைக்கப் படிச்சுக்கிட்டேன், ரசம் வைக்கப் படிச்சுக்கிட்டேன். காலையில ஏழு மணியானா கால் தானா பின்னால போகும், தட்டோட. போய் நின்னுட்டுத் திரும்பி வருவேன். அது பழக்கம். வேற ஒண்ணும் இல்ல.

இன்னைக்கு என்னமோ தோணுச்சு, கெளம்பிட்டேன். பிரமு வீடு, அதான் அவ தங்கச்சி வீடு, கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி. வாசல்ல வலைய விரிச்சுக் கருவாடு காயப் போட்டிருக்கு. பிரமு, "வாங்க அத்தான்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. நான் முத்தத்துல நிக்கேன். ஒரு பொம்பள கோழிக்குத் தீவனம் போட்டுக்கிட்டு எனக்கு முதுகு காட்டி நிக்கா. யாரோ பக்கத்து வீட்டுக்காரின்னு நெனச்சு, "வடிவு இல்லையா?"ன்னு கேட்டேன். திரும்புனா. வடிவுதான். மூஞ்சி தெளிஞ்சு, கன்னத்துல சதை வச்சு, கையில ரெண்டு கண்ணாடி வளையல். எனக்கு அடையாளம் தெரியல தம்பி. முப்பத்திமூணு வருஷம்.

"வாங்க"ன்னா. புதுச் சட்டியில கத்திரிக்கா கொழம்பு வச்சா, எனக்குன்னு தனியா. கருவாட்டுச் சட்டி எதையும் தொடாமச் செஞ்சா, நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். சாப்பிட்டேன். உப்பு சரியா இருந்துச்சு. கை கழுவிட்டு வந்து கோழிகளப் பாக்கேன். ஒன்பது பெட்டையும் திரியுதுக. இறகுன்னா அப்படி ஒரு இறகு. மினுமினுன்னு, எண்ணெய் தடவுன மாதிரி. ஒண்ணு கால்கிட்டயே வந்துச்சு. சிவப்பு. புடிச்சுத் தூக்கிப் பாத்தேன். முதுகத் தடவுனா தோலே தட்டுப்படல, விரலு உள்ள போகுது.

"அது செம்பிங்க. நீங்க பஞ்சாரத்துல மூடி வச்ச செம்பி"ன்னா.

அவ பக்கத்துல வந்து நின்னா. என் தோள ஒட்டி நின்னு, அந்தக் கோழி கழுத்தத் தடவிக்கிட்டே சொன்னா. "நான் வாறேன். இன்னைக்கே கெளம்பி வாறேன். வீட்டுக்குள்ள மீன் வேண்டாம், கருவாடு வேண்டாம். அதெல்லாம் நான் கேக்கல. இது மேல தப்பில்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என்கிட்டச் சொல்ல வேண்டாம். இதுகிட்டச் சொல்லுங்க, போதும். நான் கேட்டுக்கிடுதேன்."

யோசிச்சுப் பாருங்க. அறுபத்திரெண்டு வயசு ஆளு, நடு முத்தத்துல நின்னு, ஒரு கோழிகிட்ட. பிரமு நெலவாசல்ல நிக்கா. அவ வீட்டுக்காரரு உள்ள இருந்து எட்டிப் பாக்காரு. எல்லாரும் என் வாயவே பாக்காங்க. கோழியும் பாக்கு.

"இது செம்பி இல்ல. கோழிய மாத்திட்டிய"ன்னேன்.

அவ என் கையில இருந்து கோழிய மெதுவா வாங்குனா. வாங்கி, இடுப்புல புள்ளைய வச்சுக்கிடுத மாதிரி வச்சுக்கிட்டா. "ரெண்டரை வண்டி வந்திரும். போயிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. பஸ் ஏத்திவிடக்கூட வரல.

மாத்தியிருக்கத்தான செய்வாங்க? கடக்கரையில செவப்புக் கோழிக்கா பஞ்சம்? நாலு மாசத்துல அம்புட்டு இறகு வருமா? நீங்க படிச்ச ஆளு மாதிரி தெரியுது, சொல்லுங்க. ஏன் எந்திரிக்கிய? விளாத்திகுளம் அதுக்குள்ள வந்துட்டா? கண்டக்டர் விசில் இன்னும் ஊதலையே. இருங்க தம்பி, மெதுவா எறங்கலாம். அது செம்பி இல்லதான? நீங்க பாக்கலைங்கறது எனக்குத் தெரியும். பாக்காட்டாலும் பரவாயில்ல. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்குங்க.